நம்மூர்ச் சூட்டில் ஒயின்: கேள்வி பதில்

கேள்வி (முத்தியால்பேட்டை): அண்ணா, முதல்முறையாக ஒரு கேபர்னே சாவின்யோன் வாங்கினேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்திலேயே குடிக்கணும் என்றார் கடைக்காரர். அப்படியே குடித்தேன். நாக்கு வறண்டு இழுத்தது, மூக்கில் நெடி ஏறியது. எனக்கு ஒயின் ஒத்துவராதோ?

பதில்: ஒத்துவரும் தம்பி. அந்த அறை வெப்பம் என்பது ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளுக்குச் சொன்னது, 16 முதல் 18 டிகிரி. புதுச்சேரியில் மின்விசிறிக்குக் கீழே வைத்த பாட்டிலே முப்பதைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் கிளம்பும், பழவாசனை அதற்கடியில் அமுங்கிப்போகும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து ஊற்றுங்கள். கறுப்புத் திராட்சை, கொஞ்சம் நாவல்பழம், மரப்பீப்பாயில் வைத்திருந்தால் லேசாக வெனிலா என்று ஒவ்வொன்றாகத் தெரியும். ரொம்ப நேரமும் விடாதீர்கள், அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகிவிடும்.

நாக்கை இழுத்தது டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது, அதிகம் கொதித்த டீயில் வரும் அதே துவர்ப்பு. கேபர்னே பழம் சிறியது, தோல் தடிமன், அதனால் டானினும் அதிகம். வெறுமனே குடிக்காமல் மட்டன் சுக்காவோடு குடித்துப் பாருங்கள், காரம் மட்டாக இருக்கட்டும். டானின் கறியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாக்கை விட்டுவிடும். அப்படியும் பிடிக்கவில்லையா? மெர்லோ என்ற சிவப்பு வகைக்குப் போங்கள், இன்னும் மென்மை வேண்டுமென்றால் பிரான்சின் பொஜோலே சிவப்பு. முதல் பாட்டிலாகக் கேபர்னேயை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கேள்வி (லாஸ்பேட்டை): சுலா ஒயின் கம்பெனியில் செனின் பிளாங், சாவின்யோன் பிளாங் என்று இரண்டு வெள்ளை இருக்கிறதே, எதை வாங்க?

பதில்: செனினில் அன்னாசியும் கொய்யாவும் தெரியும், கூடவே இனிப்பு. சாவின்யோனில் புளிப்பு ஓங்கி நிற்கும், குடைமிளகாயை நறுக்கும்போது எழும் பச்சை வாசனையும் வரும். குடைமிளகாயில் உள்ள பைரசின் வகைப் பொருள் இந்தத் திராட்சையிலும் உண்டு. புதிதாகக் குடிப்பவருக்குச் செனின். எனக்கு எப்போதும் சாவின்யோன், பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த வஞ்சிரம் வறுவல்.

கேள்வி (கடலூர் முதுநகர்): சங்கரா மீன் குழம்போடு சிவப்பு ஒயின் குடித்தேன் சார். வாயெல்லாம் கவிச்சி, இரும்பு வாடை. மீன் புதுசுதான், துறைமுகத்தில் காலையில் வாங்கியது.

பதில்: மீன்மேல் பழி போடாதீர்கள். ஒயினில் கரைந்திருக்கும் இரும்புதான் கடல் உணவோடு சேர்ந்து அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். சிவப்பில் பொதுவாக இரும்பு கூடுதலாக இருக்கும்.

குழம்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புளி ஒயினைச் சப்பென்று ஆக்கிவிடும், ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். குழம்புச் சோற்றோடு எந்த ஒயினும் வேண்டாம் என்பேன். வறுத்த துண்டை எடுத்துவைத்து, நன்றாகக் குளிர்ந்த, லேசான இனிப்புள்ள செனினோ, ரீஸ்லிங் என்ற வெள்ளையோ ஊற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): அண்ணா, நம்ம பன்னீர் திராட்சை வாசனையில் ஒயின் கிடைக்குமா?

பதில்: அருமையான கேள்வி அம்மா. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் குடும்பம் முழுக்கவே வாசனைக்காரர்கள். ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் இந்தத் திராட்சைகளிலும் இருக்கிறது. இத்தாலியின் மோஸ்காட்டோ தாஸ்தி ஒயின் இந்தக் குடும்பத்து வெள்ளைத் திராட்சையில் செய்வது. ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான், லேசாக நுரைக்கும், நல்ல இனிப்பு. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் பன்னீர் திராட்சைப் பழத்தைக் கடித்த நினைப்பு வரும். எங்கே கண்டாலும் ஒரு பாட்டில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி (கடலூர் மஞ்சக்குப்பம்): புதுச்சேரியில் வாங்கி வீட்டுக்கு எடுத்து வரலாமா?

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டு எல்லையில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பிடித்தால் வழக்கு. இங்கேயே உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டு பஸ்ஸில் போங்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): கோவா போர்ட் ஒயின் இனிப்பாக இருக்கிறதே, அதுதான் உண்மையான போர்ட்டா?

பதில்: இல்லை. போர்ச்சுகலின் தோரோ பள்ளத்தாக்கில் செய்வதுதான் போர்ட். பாதி நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துவார்கள், பழத்தின் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். ஆல்கஹால் 20 சதவீதம் அளவுக்கு வரும், அதனால் சின்ன கிளாஸ் போதும்.

கேள்வி (நெல்லித்தோப்பு): ஒரே ஆள் நான். திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால், சிவப்போ வெள்ளையோ மூன்று நாள் நன்றாக இருக்கும். அப்புறம் காற்றுப்பட்டு வாசனை போய், மெல்லப் புளித்த காடியாகும். வாங்கும்போதே திருகுமூடி பாட்டிலாகப் பாருங்கள். கார்க் என்றால் அது வாய்க்கு மேலே துருத்தியிருக்கிறதா என்று கவனியுங்கள். துருத்தியிருந்தால் பாட்டில் வெயிலில் வெந்திருக்க வாய்ப்பு அதிகம், வேறு கேளுங்கள்.