58 வயதில் எடையைக் குறைத்தால் ஆயுள் கூடுமா?

58 வயது, 165 செ.மீ. உயரம், 76 கிலோ, சர்க்கரை ‘பார்டரில்’ இருக்கிறது. மணிவிழாவுக்குள் 60 கிலோவுக்கு வந்துவிட்டால் ஆயுள் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. காரைக்குடிக்காரன், வயது 63, எடை மெஷினை நம்பி இரண்டு முறை ஏமாந்தவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

முதல் முறை ஏமாந்தது 51 வயதில். 168 செ.மீ. உயரத்துக்கு 64 கிலோ. எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுக்கும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் 22.7. நம்மவர்களுக்கு 23 தாண்டினால்தான் கூடுதல் எடை, 25 தாண்டினால் உடல்பருமன் என்பது இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. ஆக நான் ‘நார்மல்’. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கூடவே இரண்டு வாங்கிக்கொள்வேன், ‘நமக்குத்தான் உடம்பு வைக்காதே’ என்ற தெம்பில்.

எங்கள் பக்கம் வேட்டிதான். வேட்டிக்கு ஏது அளவு? இழுத்துச் சொருகினால் முடிந்தது. பேன்ட் போடுகிறவருக்கு இடுப்பு ஏறுவதைத் தையல்காரர் சொல்லிவிடுவார். வேட்டிக்காரனுக்குச் சொல்ல ஆளில்லை. எனக்குச் சொன்னது அரைஞாண் கயிறு. ஒரு வருஷத்தில் இரண்டு முறை அவிழ்த்து நீளமாகக் கட்ட வேண்டி வந்தது. கயிறு சுருங்குகிறது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. பிறகு ஒரு இலவச முகாமில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாத சர்க்கரைச் சராசரி, எச்பிஏ1சி என்பார்களே, அது 6.3. 5.7க்குக் கீழே இருக்க வேண்டியது, 6.5 வந்தால் சர்க்கரை நோய். வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. இந்திய ஆணுக்கு எல்லை 90, பெண்ணுக்கு 80.

கை கால் ஒல்லி, வயிறு மட்டும் குடம். இது நம் ஊர் வாகு. 2004இல் ‘லான்செட்’ இதழில் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக் என்ற மருத்துவரும் லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற மருத்துவரும் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. மெஷின் எலும்பையும் சதையையும் கொழுப்பையும் ஒன்றாக நிறுத்துத் தருகிறது. அதிலும் குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் படியும் கொழுப்புதான் இன்சுலினைச் செல்லாக்காசு ஆக்குகிறது. தோலுக்கடியில் இருப்பது அவ்வளவு தொல்லை செய்வதில்லை.

இரண்டாம் முறை ஏமாந்தது 57இல். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் போட்டிருக்கும் திட்டம் அன்று நான் போட்ட திட்டமேதான். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, இரவு மோர். ஒன்பது மாதத்தில் 64லிருந்து 56க்கு வந்தேன். சர்க்கரை 5.8 ஆனது. ரிப்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வி: “என்ன அண்ணே, மேலுக்கு முடியலையா?” பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினேன். முப்பது வயதிலிருந்து போகிற நடை, வழியில் எந்த மரத்தடியில் உட்காரலாம் என்பதுவரை தெரியும். சிங்கம்புணரி தாண்டும்போதே தொடை நடுங்கியது. நத்தத்தில் அன்னதானத்துக்குத் தரையில் உட்கார்ந்தவனை இரண்டு பையன்கள் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. அங்கிருந்து பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். காவடி என் தோளில் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

மதுரையில் ஒரு மருத்துவர் ரத்தம்கூட எடுக்கவில்லை. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். எனக்கு 17 வினாடி ஆனது. ஆசியர்களுக்கு 12 வினாடியை எட்டினாலே சதை வற்றுவதற்கான எச்சரிக்கையாம். நான் குறைத்த எட்டுக் கிலோவில் கொழுப்போடு சதையும் கணிசமாகப் போயிருக்கிறது என்றார். வயதானவன் பட்டினி கிடந்தால் அப்படித்தான் ஆகுமாம். நாம் சாப்பிடும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்வதே சதைதான். அதைக் கரைத்துவிட்டுச் சர்க்கரையைக் குறைத்தேன் என்று மார்தட்டுவது, பத்தாயத்தை விற்றுவிட்டு நெல் வாங்கப் போவது மாதிரி. பதினேழு நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2015இல் வந்த ‘பியூர்’ ஆய்வில், கைப்பிடி வலு ஐந்து கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது. பிடி வலுதான் ஆயுளைத் தருகிறது என்று அதற்குப் பொருளில்லை. உடம்பு முழுவதும் சதை எப்படி இருக்கிறது என்பதைப் பிடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆத்தா விஷயத்தில் இது எங்களுக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். 79 வயதில் ஒரே வருஷத்தில் 52 கிலோவிலிருந்து 44க்கு இறங்கினார்கள். “ஆத்தா நல்லா சிக்குன்னு ஆயிட்டாக” என்று வீடே சந்தோஷப்பட்டது. பல்செட் தளர்ந்து, கடிக்க முடியாமல், யாரிடமும் சொல்லாமல் கஞ்சியிலேயே காலம் தள்ளியிருக்கிறார்கள். ஒருநாள் இரண்டாங்கட்டு நிலைப்படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு இரண்டு வருஷம் கட்டில்தான். முயற்சி இல்லாமல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

65 தாண்டியவர்களில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்து 2014இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பிஎம்ஐ 23க்குக் கீழே போகப் போக அவர்களில் இறப்பு கூடியது. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இதை வைத்துக் கொழுப்பு நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் மேல்நாட்டவர்கள் கணக்கு. நோய் வந்து இளைத்தவர்களும் ஒல்லி வரிசையில்தான் நிற்பார்கள்.

உங்களுக்கு வருவோம். 16 கிலோ குறைக்க வேண்டியதே இல்லை. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கு வெறும் 7 சதவீதம். உங்கள் எடைக்கு ஐந்து கிலோ. உணவும் நடையும் மாற்றியவர்களில் ‘பார்டர்’ ஆட்கள் நோயாளி ஆவது 58 சதவீதம் குறைந்தது, அறுபது தாண்டியவர்களில் 71 சதவீதம். எனக்கு அதைவிடப் பிடித்தது 2006இல் வெளியான சென்னை ஆய்வு. அங்கே 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் எடை பெரிதாக இறங்கவே இல்லை! மெஷினில் முள் அசையவில்லை என்று அவர்களும் விட்டிருந்தால்?

நான் இப்போது செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரவுச் சோறு பாதி. அந்த இடத்தில் சுண்டலும் முட்டையும் மீனும். வயதானவருக்குக் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம்வரை புரதம் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்). இரண்டு இட்லியில் நாலு கிராம் தேறினால் பெரிது. எங்கள் பக்கத்துக் கறுப்புக் கவுனி அரிசி மருந்துதானே என்று கேட்பவர்களுக்கு: அரிசி நல்லதுதான், நாம் அதன் தலையில் கொட்டும் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் மருந்தில்லை. நடையோடு கூட, வாரம் மூன்று நாள் திண்ணையில் உட்கார்ந்து எழுவதும் தண்ணீர்க்குடம் தூக்குவதும். வீட்டில் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்களும் சேர்ந்து எழுகிறார்கள்.

இன்று 60 கிலோ, வயிறு 86, சர்க்கரை 5.9, நாற்காலிக் கணக்கு 10 வினாடி. 56 கிலோவில் இருந்ததைவிடச் சர்க்கரை 0.1 கூடத்தான், ஆனால் தரையில் உட்கார்ந்தால் நானே எழுகிறேன்.

டேப் வாங்கிவிடுங்கள். அரைஞாண் கிடக்கும் இடத்தில் அளக்காதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நழுவிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சு விட்ட பிறகு. வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டாம். நான் முதல் நாள் எக்கிக்கொண்டுதான் 88 என்று எழுதி வைத்தேன்.