கொடியும் விசிலும்: வாசகர் கேள்வி – பதில்

(நியூ ஜெர்சியில் பள்ளி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருக்கும் நமது பத்தியாளர், பந்தை உதைப்பது தொடர்பாக வந்த கேள்விகளுக்கு இம்முறை பதிலளிக்கிறார்.)

கேள்வி: 2024 டிசம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் – டென்வர் பிராங்கோஸ் ஆட்டத்தை மகன் வீட்டில் பார்த்தேன். முதல் பாதியின் நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் சார்ஜர்ஸ் வீரர் ஒருவர் நிதானமாக ஓடிவந்து பந்தை உதைத்தார். எதிரணியில் ஒருவர்கூடத் தடுக்கப் பாயவில்லை. 3 புள்ளி கொடுத்துவிட்டார்கள்! மகனுக்கும் காரணம் தெரியவில்லை.
— வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: மகனைக் கோபிக்காதீர்கள், அம்மா. ஞாயிறு தவறாமல் ஆட்டம் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அன்று கைபேசியில் விதியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பார்த்தது ஃபேர் கேட்ச் கிக். தேசியக் கால்பந்து லீகில் அதற்கு முன் அது வெற்றிகரமாக முடிந்தது 1976இல். அன்றும் உதைத்தது இதே சார்ஜர்ஸ் அணிதான். அப்போது அது சான் டியேகோவில் இருந்தது. ரே வெர்ஷிங் என்பவர் பஃபலோ அணிக்கு எதிராக 45 கஜத்திலிருந்து அடித்தார்.

விதி இதுதான். முன்னேற முடியாத அணி பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடும், அது பன்ட். அதைப் பிடிக்க நிற்பவர் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினால், பிடித்தபின் ஓடமாட்டார், அவரை யாரும் தொடவும் கூடாது. அதுதான் ஃபேர் கேட்ச். பிடித்த இடத்திலிருந்து வழக்கம்போல் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே இடத்திலிருந்து யாரும் குறுக்கிடாமல் கோல் கம்பத்தை நோக்கி ஓர் உதை உதைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எதிரணி 10 கஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். நேரம் முடிந்திருந்தாலும் அந்த ஓர் உதைக்காகப் பாதி நீட்டிக்கப்படும்.

அன்று டென்வர் பன்ட் செய்தபோது முதல் பாதி முடியச் சில விநாடிகளே இருந்தன. சார்ஜர்ஸின் டீரியஸ் டேவிஸ் கையை உயர்த்திக் காத்திருந்தார். டென்வரின் ட்ரெமன் ஸ்மித் பந்து வருமுன்பே அவர் மீது மோதிவிட்டார். அதற்கு 15 கஜ தண்டனை. தவிர, பந்து கையில் விழாவிட்டாலும் பிடித்ததாகவே கணக்கு. பந்து டென்வரின் 47 கஜக் கோட்டுக்கு, அதாவது டென்வரின் கோல் கோட்டிலிருந்து 47 கஜத்துக்கு நகர்ந்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். கோல் கம்பம் கோல் கோட்டுக்கு 10 கஜம் பின்னால் இருக்கிறது. ஆக 57 கஜம். சாதாரண ஃபீல்ட் கோலாக இருந்திருந்தால் பந்தை ஏழெட்டு கஜம் பின்னுக்கு எறிந்து, அங்கே ஒருவர் பிடித்து நிறுத்தி, அதன்பின் உதைக்க வேண்டும். தூரம் 64 அல்லது 65 கஜமாகியிருக்கும். ஃபேர் கேட்ச் கிக்கில் அந்தப் பின்வாங்கல் கிடையாது. தடுக்கப் பாய்பவர்களும் இல்லாததால், பந்தை உடனே உயரே எழுப்பாமல் தாழ்வாக, முழு வலுவோடு அடிக்கலாம். பன்ட் வீரர் ஜே.கே. ஸ்காட் பந்தைப் பிடித்து நிறுத்தினார். கேமரன் டிக்கர் அடித்தார். 21–10 என்று பின்தங்கியிருந்த அணி 21–13 என்று ஓய்வறைக்குப் போனது. முடிவில் 34–27 என்று வென்றது. லீகின் வரலாற்றில் வெற்றிபெற்ற ஃபேர் கேட்ச் கிக்குகளில் இதுவே மிக நீளமானது.

சார்ஜர்ஸ் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு இந்த விதி மீது நெடுநாள் காதல். 2013இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது செயின்ட் லூயிஸில் ஃபில் டாசனை 71 கஜத்திலிருந்து உதைக்க வைத்தார். அது எட்டவில்லை. எட்டாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பாதி முடிகிற நேரத்தில் தவறவிட்டாலும் நட்டம் பெரிதாக இல்லை. கேட்காமல் விடுவதுதான் நட்டம். 11 ஆண்டு காத்திருந்து வாங்கிவிட்டார்.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் பந்தை உதைப்பவன். அவனும் இதைச் செய்யலாமா? டெக்சாஸில் இருக்கும் என் தம்பி "அப்படி ஒரு விதியே கிடையாது" என்று அடித்துச் சொல்கிறான்.
— வாசகர், எடிசன்

பதில்: இருவர் சொல்வதும் சரி. பெரும்பாலான மாநிலங்களின் பள்ளி ஆட்டங்கள் தேசிய உயர்நிலைப் பள்ளிக் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கின்றன. அதில் இது உண்டு. கல்லூரி விதிகளில் கிடையாது. டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளையே பின்பற்றுவதால் உங்கள் தம்பியின் ஊர்ப் பையன்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உங்கள் மகனுக்கு உண்டு.

பள்ளி ஆட்டத்தில் ஃபேர் கேட்ச் ஆனதும், ஸ்னாப்பா (பந்தைக் கால்களுக்கிடையே பின்னுக்குத் தந்து வழக்கம்போல் ஆட்டத்தைத் தொடங்குவது), உதையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அணித் தலைவனுடையது. நடைமுறையில் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் ஸ்னாப்புக்கு வரிசை கட்டிவிடுகிறார்கள். ஒருமுறை எதிர்க்காற்றில் பன்ட் சரியாகப் போகாமல் எதிரணியின் 30 கஜக் கோட்டிலேயே ஒரு பையன் அதைப் பிடித்துவிட்டான். பாதி முடிய நான்கைந்து விநாடி இருக்கும். எங்கள் தலைமை நடுவர் அணித் தலைவனிடம் முறைப்படி கேட்டார். பையன் விழித்தான். எல்லைக் கோட்டருகே நின்ற அவன் பயிற்சியாளர் மட்டும் "உதை! உதை!" என்று கத்திக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்துவிட்டார். எதிரணிப் பயிற்சியாளரோ எங்களைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியே நின்றார். எந்த விதியைச் சொல்லித் திட்டுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. நானும் இன்னொரு நடுவரும் ஓடிப்போய் கம்பத்துக்கு ஒருவராக நின்றுகொண்டோம். 40 கஜம். பந்து என் தலைக்கு மேலே இடக் கம்பத்தில் மோதி உள்ளே விழாமல் திரும்பியது. கைகளைப் பக்கவாட்டில் விரித்துக் கோல் இல்லை என்று காட்டும்போது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. நடுவருக்கு வருத்தம் கூடாதுதான்.

மகனிடம் சொல்லுங்கள். பயிற்சியாளரிடமும் இப்போதே சொல்லி வைக்கட்டும். ஆட்டத்தின் நடுவே விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கேள்வி: ரக்பியில் போலப் பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைத்துப் புள்ளி எடுக்க இங்கே அனுமதி உண்டா?
— வாசகர், கார்டிஃப்

பதில்: உண்டு. அது டிராப் கிக். பந்தின் முனைகள் உருண்டையாக இருந்த காலத்தில் இதுவே சாதாரண உதை. 1930களில் எறிவதற்கு வசதியாகப் பந்தை ஒல்லியாக்கி முனைகளைக் கூர்மையாக்கினார்கள். தரையில் விட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாமல் போனது. டிராப் கிக்கும் வழக்கொழிந்தது. விதியை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

லீகில் 1941 இறுதி ஆட்டத்தில் சிகாகோவின் ரே மக்லீன் ஒரு கூடுதல் புள்ளியை இப்படி எடுத்தார். அதற்கடுத்த வெற்றிகரமான டிராப் கிக் 2006 ஜனவரி 1 அன்று. நியூ இங்கிலாந்தின் 43 வயது டக் ஃப்ளூட்டி மயாமிக்கு எதிராக அடித்தார். அதன்பின் அவர் ஆடவே இல்லை. பயிற்சியாளர் பில் பெலிசெக் எளிதில் சிரிக்கிறவர் அல்லர், அன்று சிரித்தார். ஆட்டத்தில் தோற்றது அவர் அணிதான், 28–26.

கேள்வி: 2013 சூப்பர் பவுல் காணொளியில், பால்டிமோர் அணியின் பன்ட் வீரர் பந்தை உதைக்காமல் தன் எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடி, வெளியே கால் வைத்து 2 புள்ளியைத் தாரை வார்க்கிறார். இது ஏமாற்று இல்லையா?
— வாசகி, டொரொன்டோ

பதில்: கணக்கு, அம்மா. பால்டிமோர் 34–29 என்று முன்னிலையில் இருந்தது. மீதி 12 விநாடி. பந்து தன் 8 கஜக் கோட்டில். அங்கிருந்து பன்ட் செய்தால் தடுக்கப்படலாம், அல்லது எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடி டச் டவுன் போடலாம் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டலாம்), கோப்பையே போய்விடும். 2 புள்ளி கொடுத்தாலோ 34–31. பன்ட் வீரர் சாம் குக் 8 விநாடியை ஓட்டித் தீர்த்துவிட்டு வெளியேறினார். மீதி 4 விநாடி. இப்படி 2 புள்ளி கொடுப்பதற்குச் சேஃப்டி என்று பெயர். அதைக் கொடுத்த அணியே தன் 20 கஜக் கோட்டிலிருந்து பந்தை உதைத்து அனுப்ப வேண்டும், அதையும் பன்டாக உதைக்கலாம், எதிரணி 10 கஜம் தள்ளி நிற்கும். குக் ஆற அமர உதைத்தார். திருப்பி ஓடியவரைப் பிடித்தார்கள். ஆட்டம் முடிந்தது.

காணொளியை மறுபடி பாருங்கள். இம்முறை குக்கைப் பார்க்காதீர்கள், அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பு வரிசையைப் பாருங்கள். எதிராளிகளைச் சட்டையைப் பிடித்தும் கட்டிப்பிடித்தும் நிறுத்துகிறார்கள். தவறுதான். ஆனால் சொந்த எண்ட் ஸோனுக்குள் (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) அந்தத் தவறைச் செய்தால் தண்டனை என்ன? சேஃப்டி, 2 புள்ளி. எப்படியும் கொடுக்கப்போகிற 2 புள்ளி! 2016இல் சின்சினாட்டிக்கு எதிராகவும் பால்டிமோர் இதையே செய்தது. அடுத்த ஆண்டு, நேரத்தைக் கரைப்பதற்காக வேண்டுமென்றே பலர் சேர்ந்து தவறு செய்வதைத் தடுத்து லீக் விதி போட்டது. அது நியாயமே.

தோற்ற அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? நம் ஜிம் ஹார்பா. செய்தது பால்டிமோர் பயிற்சியாளராக இருந்த அவருடைய சொந்த அண்ணன் ஜான். தம்பி டென்வரிடம் வாங்கியது 3 புள்ளி. அண்ணனிடம் அதற்கு முன்பே பாடம் கேட்டிருந்தார்.

பெலிசெக்கும் இதைச் செய்திருக்கிறார். 2003 நவம்பரில் டென்வரில், 24–23 என்று பின்தங்கியிருக்கும்போதே! சொந்த 1 கஜக் கோட்டில் மாட்டிக்கொண்டார்கள். பந்தை வேண்டுமென்றே பின்னால் கோல் கம்பத்தில் மோதும்படி எறிந்து 2 புள்ளி கொடுத்தார்கள். 26–23. ஆனால் 20 கஜக் கோட்டிலிருந்து தடையின்றி உதைத்து டென்வரைத் தொலைவுக்கு விரட்டி, பந்தைத் திரும்பப் பெற்று, கடைசி நிமிடத்தில் டச் டவுன் போட்டு 30–26 என்று வென்றார்கள். முன்னிலையில் இருக்கிறவன் கொடுப்பது எளிது. பின்தங்கியவன் கொடுப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

கேள்வி: திடீர் ஆன்சைட் கிக்கை ஏன் இப்போது காண முடிவதில்லை?
— வாசகர், டாலஸ்

பதில்: கொன்றுவிட்டார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் உதையை 10 கஜம் மட்டும் உருட்டி நாமே கைப்பற்றுவதுதான் ஆன்சைட் கிக். 2010 சூப்பர் பவுலில் 10–6 என்று பின்தங்கியிருந்த நியூ ஆர்லியன்ஸ், இரண்டாம் பாதியின் முதல் உதையையே இப்படி உருட்டியது. பந்து இந்தியானாபொலிஸ் வீரரின் உடலில் பட்டுத் தெறித்தது. குவியலின் அடியில் கிறிஸ் ரீஸ் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். 31–17 என்று கோப்பை. 2024இல் வந்த புதிய விதிப்படி பின்தங்கிய அணி மட்டும், கடைசிக் கால்பகுதியில் மட்டும், முன்கூட்டியே நடுவரிடம் அறிவித்துவிட்டுத்தான் இதைச் செய்ய முடிந்தது. 2025இல் கால்பகுதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். பின்தங்கிய அணி மட்டும் என்பதும் அறிவிப்பும் அப்போதும் நீடித்தன. வீரர்களின் காயத்தைக் குறைக்க உதை முறையை மாற்றியதை நான் ஏற்கிறேன். சொல்லிவிட்டு வருகிற திருடனை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை.

அந்த நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டன். 2024 டிசம்பரில் டென்வர் பக்கம் நின்று டிக்கரின் உதையைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவரேதான். விதிப்புத்தகத்தின் இந்த மூலைக்கு வந்துபோகிறவர்கள் நாலைந்து பேர். அவர்களுக்குள்ளேதான் கொடுக்கல் வாங்கல்.

கேள்வி: பன்ட் செய்த அணியே பந்தைத் தொட்டதும் நடுவர் ஒரு சிறிய பையைத் தரையில் வீசுகிறார். தண்டனையா?
— வாசகி, நேப்பர்வில்

பதில்: இல்லை; தண்டனைக்கு மஞ்சள் கொடி. இது பீன் பேக் என்னும் சிறு பை, இடத்தைக் குறிக்க மட்டும். என் இடுப்பு வாரில் எப்போதும் செருகியிருக்கும். பன்ட் செய்த அணி முதலில் தொட்ட இடம் அது. அங்கே பந்தைப் பெறும் உரிமை எதிரணிக்கு வந்துவிட்டது. இனி எதிரணி வீரர் பந்தை எடுத்து ஓடலாம். ஓடித் தவறவிட்டாலும், தன் அணி மீது தண்டனை ஏதும் இல்லையென்றால், பை கிடக்கும் இடத்துக்கே திரும்பிவந்து பந்தை வாங்கிக்கொள்ளலாம். நட்டமில்லாத ஓட்டம். ஆனாலும் பந்தை விட்டு விலகி ஓடத்தான் பையன்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

விலகுவதே சரியான இடமும் உண்டு. 1993 நன்றி நவிலும் நாளில் டாலஸில் பனி கொட்டியது. 14–13 என்று பின்தங்கிய மயாமி, கடைசி விநாடிகளில் உதைத்த பந்தை டாலஸ் தடுத்தது. பந்து கோட்டைத் தாண்டி உருண்டது. டாலஸ் சும்மா நின்றிருந்தால் வெற்றி. லியான் லெட் ஓடிவந்து சறுக்கிக் காலால் இடித்துவிட்டார். மயாமி பந்தைப் பிடித்தது, மறுபடி உதைத்தது, 16–14.

கேள்வி: ஓர் அணி 1 புள்ளி மட்டும் எடுத்துத் தோற்க முடியுமா? அலுவலகத்தில் பந்தயம்.
— வாசகர், சியாட்டில்

பதில்: முடியும். டச் டவுனுக்குப் பிந்தைய கூடுதல் முயற்சியில், முயலும் அணி தன் சொந்த எண்ட் ஸோனில் மடக்கப்பட்டால் எதிரணிக்கு 1 புள்ளி. லீகில் இதுவரை நடந்ததில்லை. முயலும் அணிக்குக் கிடைக்கும் ஒற்றைப் புள்ளிச் சேஃப்டி கல்லூரியில் நடந்திருக்கிறது. 2013 ஃபியஸ்டா பவுலில் ஆரிகனுக்குக் கிடைத்தது. உங்கள் பந்தயத்துக்கு வேண்டியது மற்ற வகை. அதற்கு உதைக்க நிற்கும் அணி 85 கஜம் பின்னோக்கி ஓட வேண்டும். அப்படி ஓடக்கூடிய அணி எதையும் நான் பார்த்ததில்லை. எங்கள் வட்டாரத்துப் பையன்களில் இரண்டொருவர் மீது மட்டும் நம்பிக்கை வைத்திருக்கிறேன்.