முதலில் அந்தப் பிள்ளையைத் தூங்க விடுங்கள்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் மாலை நேரப் படிப்பகம் நடத்தும் அறக்கட்டளைக்கு நான் செயலாளர். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ், வாட்ஸ்அப் குரூப் என ஐந்திலும் இருக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் என் மகள்தான் ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றிலும் பதிவு போடுகிறாள். ஆனாலும் நன்கொடை கூடவில்லை. லிங்க்டுஇன்னிலும் சேரலாமா?

பதில்: வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று படிப்பகம் நடத்துகிற உங்கள் வீட்டில், பொதுத்தேர்வு எழுதப்போகிற பெண் ராத்திரி 11 மணிக்குப் போஸ்டர் செய்துகொண்டிருக்கிறாள். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். தலைவரும் பொருளாளரும் போன் வைத்திருப்பவர்கள்தானே? பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு ஏற்ற பொறுப்பைப் பிள்ளை தலையில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. அது தொண்டும் ஆகாது.

நன்கொடை கூடாததும் இதனால்தான். யார் பணம் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ரசீதுப் புத்தகத்தை எடுங்கள். இரண்டு வருடத்துப் பெயர்களுக்கு எதிரே, அவர் உங்களை எப்படி அறிந்தார் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் போன் செய்து கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், வெளியூரில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் என்று வந்தால் உங்களுக்கு வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக் பக்கமும் போதும். கல்லூரி மாணவர்கள் பாடம் சொல்லித்தர வந்தால் மட்டும் இன்ஸ்டாகிராமை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸை இன்றே நிறுத்தலாம். யூடியூப், வீடியோவைப் போட்டு வைத்து லிங்க் அனுப்பும் இடமாக இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் நன்கொடையாளர்களைக் குரூப்பில் போடாதீர்கள். ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரியும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் செய்தி புதைந்துபோகும். அறக்கட்டளைக்கென்று தனி சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) வையுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ரசீது கொடுக்கும்போதே, "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அவர் சேமிக்கும்வரை நில்லுங்கள்.

மாதம் இரண்டு செய்தி போதும். 'உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் கை நீளாது. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை நோட்டு, விலை என்ன, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். வாங்கியபின் பில்லைப் படமெடுத்து அனுப்புங்கள். க்யூஆர் கோடு அறக்கட்டளை வங்கிக் கணக்குடையதாகவே இருக்கவேண்டும். பெற்றோர் எழுதித் தராமல் எந்தக் குழந்தையின் முகத்தையும் போடாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பணம் அனுப்புகிறேன் என்றால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் உட்கார்ந்து, அந்த நிறுவனமே தரும் மெட்டா பிசினஸ் சூட் என்ற செயலியில் பதிவுகளைத் தேதி குறித்து வைத்துவிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. உட்காரவேண்டியது நீங்களோ பொருளாளரோ.

கணக்குகள் எல்லாம் மகளின் நம்பரிலும் மின்னஞ்சலிலும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவசரப்பட்டு அவளை நீக்காதீர்கள், பக்கமே கைவிட்டுப் போகும். முதலில் பெரியவர்கள் இருவருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுங்கள். இருவரும் அவரவர் போனில் உள்ளே போய் ஒரு பதிவு போட்டுப் பார்க்கட்டும். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் நம்பரைப் புது சிம்முக்கு மாற்றுங்கள். அதன்பிறகு மகளின் பெயரை எடுங்கள். இதை இந்த வாரமே முடியுங்கள், தேர்வு மார்ச்சில்.