இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டி தெரியவில்லையா? பயாஸில் கைவைக்கும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: என்னுடையது இன்டெல் 10-ஆம் தலைமுறை ஐ5 மடிக்கணினி, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. நண்பர் தந்த லினக்ஸ் மின்ட் 20 பென்டிரைவை வைத்து நிறுவப் பார்த்தேன். எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் பென்டிரைவ் மட்டும்தான் வருகிறது. வைஃபையும் இல்லை. ஒரு வீடியோவைப் பார்த்து பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ரெய்ட் என்பதை ஏஹெச்சிஐ ஆக்கினேன். விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிட்டது. பயந்துபோய் பழையபடி மாற்றிவிட்டேன். வேலைக்கான கோப்புகள் விண்டோஸில் இருப்பதால் அதை இழக்க முடியாது. வைஃபை சிப் ரியல்டெக் 8821சிஇ. எஸ்எஸ்டி பழுதாகிவிட்டதா?

பதில்: எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய அமைப்புக்குத் திரும்பியதும் விண்டோஸ் ஓடியதே, அதுவே சாட்சி. உங்களிடம் இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். டிஸ்க் தெரியாததற்குக் காரணம் பயாஸ் அமைப்பு. வைஃபை வராததற்குக் காரணம் பழைய கெர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் லினக்ஸின் மையப் பகுதி. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, நாலைந்து லினக்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து அலுத்துப்போகிறார்கள்.

டிஸ்க் சிக்கலை முதலில் பார்ப்போம். ரெய்ட், ஆர்எஸ்டி என்பவை டிஸ்க்கை இன்டெல்லின் தனி வழியில் கையாளும் முறைகள், ஏஹெச்சிஐ பொதுவான முறை. பயாஸில் ரெய்ட் என்றோ ஆர்எஸ்டி என்றோ இருக்கும்போது, இன்டெல் கட்டமைப்பு என்விஎம்இ டிஸ்க்கை சாட்டா கன்ட்ரோலருக்கு (டிஸ்க்குகளை இணைக்கும் சிப் பகுதி) பின்னால் ஒளித்துவைக்கிறது. இன்டெல்லின் டிரைவர் இருந்தால்தான் அது கண்ணில் படும். விண்டோஸில் அந்த டிரைவர் இருக்கிறது, லினக்ஸ் கெர்னலில் இல்லை. இதைக் கெர்னலே ஒத்துக்கொள்ளும்: மின்ட்டை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, டெர்மினலில் சூடோ டிமெசேஜ் (ஆங்கிலத்தில் டி-எம்-ஈ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்து) கட்டளை கொடுத்துப் பாருங்கள். இடம்மாற்றப்பட்ட என்விஎம்இ டிஸ்க் ஒன்று இருக்கிறது, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறுங்கள் என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்த்துவிட்டால் நோய் உறுதி.

ஆக, வீடியோவில் சொன்ன மருந்து சரிதான். கொடுத்த முறைதான் தப்பு. விண்டோஸ் எழும்போது தனக்குப் பழக்கமான ஸ்டோரேஜ் டிரைவரை மட்டும் ஏற்றிக்கொள்ளும், மற்றவற்றை உறங்கவிட்டிருக்கும். திடீரென்று ஏஹெச்சிஐக்கு மாற்றினால் தன் சொந்த டிஸ்க்கையே அதனால் எட்ட முடியாது. நீலத்திரை அதனால்தான். ஆனால் சேஃப் மோடில் எழுப்பினால் அடிப்படை டிரைவர்கள் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்க்கும். பொருந்துவதை இனி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். நாம் அந்த வழியில் போகப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு வேலை. இதைத் தாண்டிப்போக வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். வேலைக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 பயன்படுத்துபவர்களில் பலருக்கு, அவர்கள் அறியாமலே டிஸ்க் குறியாக்கம் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டுதல்) ஆகியிருக்கும். பயாஸில் கைவைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். காகிதத்தில் எழுதி வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் டிவைஸ் என்க்ரிப்ஷனை அணையுங்கள். குறியாக்கம் முழுவதும் நீங்க நேரம் பிடிக்கும், காத்திருங்கள். சாவி கைவசம் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களின் தரவை மீட்க எந்த மெக்கானிக்காலும் முடியாது.

இனி மாற்றலாம். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் என்று கொடுங்கள். பூட் தாவலில் சேஃப் பூட், அதன் கீழ் மினிமல் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழ விடாமல் நேராக பயாஸுக்குள் போங்கள். டெல்லில் எஃப்2, சாட்டா ஆபரேஷன் என்ற தலைப்பில் ரெய்ட் ஆன் என்பதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். ஏசரில் இந்த வரியே சில சமயம் மறைந்திருக்கும். மெயின் தாவலில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் வெளிப்படும். 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் மடிக்கணினிகளில் இதே வேலையைச் செய்யும் விஎம்டி என்ற பெயரைத் தேடி அணையுங்கள். சேமித்து வெளியே வந்தால் விண்டோஸ் சேஃப் மோடில் எழும். அங்கே நான்கு இலக்க பின் எண்ணை ஏற்காமல் போகலாம், எனவே கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக் போய் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கம்போல் எழுந்தால் வேலை முடிந்தது.

ஒரு விதிவிலக்கு. கணினியில் ஆப்டேன் மெமரி (டிஸ்க்கை வேகப்படுத்தும் இன்டெல்லின் துணை நினைவகம்) இருந்தாலோ, இரண்டு டிஸ்க்குகள் உண்மையிலேயே ரெய்டாக இணைக்கப்பட்டிருந்தாலோ இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள். ஆப்டேனை முதலில் இன்டெல்லின் மென்பொருளில் முடக்க வேண்டும். ரெய்டைப் பிரித்தால் தரவு போய்விடும். உங்களுடையது ஒற்றை எஸ்எஸ்டி என்றால் இந்தக் கவலை இல்லை.

இப்போது வைஃபை. மின்ட் 20 வெளிவந்தது 2020-ல். அதன் கெர்னல் 5.4. உங்கள் சிப்புக்கான டிரைவர் அதற்குப் பிந்தைய கெர்னல்களில்தான் சேர்ந்தது. மேலும் மின்ட் 20-க்கான ஆதரவுக் காலம் 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அந்தப் பென்டிரைவை அழித்துவிட்டு மின்ட் 22 வரிசையை இறக்குங்கள். அதன் கெர்னல் 6.8 அல்லது அதற்குப் புதியது, ஆதரவு 2029 வரை. அப்போதும் வைஃபை தயங்கினால் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். இணையம் உடனே வந்துவிடும். அதை வைத்து டிரைவர் மேனேஜரில் தேவையானதைப் பெறலாம். இதற்காக யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

நிறுவும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. சி டிரைவைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் கோப்புகளைத் திருத்த முடியாது. பகுதிகளைக் கையால் பிரிப்பதென்றால், பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும் ஈஎஃப்ஐ பகுதியை ஃபார்மட் செய்யாதீர்கள். விண்டோஸ் எழும் வாசல் அது.

முடிந்தபின்னும் நேராக விண்டோஸே எழுந்தால், பயாஸின் பூட் வரிசையில் உபுன்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட் அந்தப் பெயரில்தான் பதிவாகும். இன்னொன்று: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மின்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒருமுறை கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.