பொங்கலுக்கு வரும் மாமியாருக்கு ஒரு குரோஷா கவுல்: எந்த நூல், எத்தனை கண்ணி?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். பொங்கலுக்குக் கும்பகோணத்திலிருந்து மாமியார் வருகிறார். இந்த ஊர்க் குளிர் அவருக்குப் புதிது. கழுத்தில் மாட்டிக்கொள்ள, லேஸ் மாதிரி லேசான ஒரு கவுல் (தலை வழியாகப் போடும் வளைய மஃப்ளர்) என் கையால் பின்னிக் கொடுக்க ஆசை. அம்மா சொல்லிக் கொடுத்த குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) தெரியும். ஆனால் டேபிள் விரிப்பு, டிவி மேல் போடும் துணி என்று காட்டன் நூலில்தான் போட்டிருக்கிறேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது. ராத்திரிச் சமையல் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். எந்த நூல், எந்த ஊசி, எத்தனை கண்ணி என்று சொல்ல முடியுமா? கம்பளி என்றாலே கழுத்தில் குத்தும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பதில்: தாராளமாக முடியும். பத்து நாள் அதிகம் என்றுகூடச் சொல்வேன். கீழே நான் சொல்லும் அளவுக்கு ஒரு சுற்றில் 66 டபுள் தையல் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்), மொத்தம் 17 சுற்று. ஆக 1,122 டபுள். நிமிடத்துக்கு எட்டு போட்டால்கூட இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். தொடக்கம், ஓரம், நடுவில் பிரித்துப் போடுவது எல்லாம் சேர்த்து ஐந்து ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நாளை நூல் வாங்கவும், முடிந்ததைக் காயவைத்து வடிவுக்குக் கொண்டுவரவும் வைத்துக்கொள்ளலாம். லேஸ் அழகாக வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த இரண்டு வேலையில்தான் இருக்கிறது. டிசைன் எவ்வளவு எளிதாக இருந்தாலும் பரவாயில்லை.

பரிசாகக் கவுலைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. சேலை கட்டுகிறவருக்குச் சால்வையைவிட இது வசதி. மார்கழிக் காலையில் குனிந்து கோலம் போட்டால் சால்வை முன்னால் சரியும், மஃப்ளரின் முனை மாவில் புரளும். கவுலுக்கு முனையே கிடையாது. ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: ஓட்டை உள்ள பின்னல் தனியாக டெல்லி ஜனவரியைத் தாங்காது. விடிகாலையில் 5, 6 டிகிரிக்கு இறங்கும்போது மேலே சால்வையும் வேண்டும். பகலில் வெயிலில் உட்கார, மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வர, மெட்ரோவில் போக இது போதும்.

முதலில் நூல். கடைக்காரர் எடுத்த எடுப்பில் பேபி வூல் காட்டுவார். பெயரில்தான் வூல், நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் தவறொன்றும் இல்லை. உங்கள் மாமியாருக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். குத்தாது, மெஷினில் துவைக்கலாம், விலையும் குறைவு. அசல் கம்பளிதான் வேண்டும் என்றால் மெரினோ பாருங்கள். அதன் இழை மெல்லியது என்பதால் குத்துவது மிகக் குறைவு. எதுவானாலும் உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள், கை மரத்துப்போன தோல். காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அங்கே உறுத்தாவிட்டால் மாமியாருக்கும் உறுத்தாது.

லேபிள் இல்லாத நூல் கம்பளியா அக்ரிலிக்கா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிரும். அக்ரிலிக் உருகி, ஆறிய பிறகு கறுப்பாக ஒரு கெட்டி மணியாக நிற்கும். ஆறுவதற்குள் தொட்டுவிடாதீர்கள்.

நூலின் பருமனுக்கு ப்ளை (இழை) எண்ணை நம்ப வேண்டாம். ஒரே நாலு ப்ளை கம்பெனிக்குக் கம்பெனி வேறு பருமனில் வருகிறது. லேபிளில் ஊசி அளவு 4 மி.மீ. என்று போட்டிருந்தால் நமக்குச் சரி. அதுவும் இல்லையா, ஸ்கேலின் மேல் 2.5 செ.மீ. இடத்தில் நூலை நெருக்கமாக, இழுக்காமல் சுற்றுங்கள். 11 முதல் 14 சுற்று வந்தால் வாங்கலாம். 100 கிராம் வாங்கினால் தாராளம், மிச்சமும் இருக்கும். இரண்டு உருண்டையாக வாங்கினால் லாட் நம்பர் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு லாட் என்றால் கடை வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிந்தது வீட்டு மாடி வெயிலில் இரண்டாகப் பிரிந்து தெரியும்.

நிறம் உங்கள் விருப்பம். இருந்தாலும் கருநீலமும் கறுப்பும் வேண்டாம். ராத்திரி டியூப் லைட்டில் கண்ணி தெரியாமல் தடவித் தடவிப் போட வேண்டியிருக்கும். பல நிறம் கலந்து வரும் நூலில் நீங்கள் போடும் லேஸ் காணாமலே போய்விடும். அரக்கு, மாம்பழ மஞ்சள், இளம் பச்சை மாதிரி ஒரே நிறம் எடுத்தால் டிசைன் தெரியும். புசுபுசு என்று ரோமம் நிற்கும் நூல் பக்கமே போகாதீர்கள். ஒரு கண்ணி தப்பினால் அதைப் பிரிக்கவே முடியாது.

ஊசிக்கு வருவோம். காட்டன் நூலுக்கு நீங்கள் பிடித்த மெல்லிய ஸ்டீல் ஊசி இதற்கு ஆகாது. 5 மி.மீ. அலுமினிய ஊசி ஒன்றும் 6 மி.மீ. ஒன்றும் வாங்குங்கள். 4 மி.மீ. நூலுக்கு ஏன் 5 என்று கேட்பீர்கள். ஊசி கொஞ்சம் பெரிதானால் அதே தையல் தளர்ந்து, துணி துவண்டு விழும். சாதாரண டபுளை லேஸாகக் காட்டுவது அந்தத் தளர்ச்சிதான். விரிப்பு போட்டுப் பழகிய கை நூலை இறுக்கிப் பிடிக்கும். அங்கே அது தேவை, இங்கே கெடுதல். சுண்டு விரலில் நூலைச் சுற்றிப் பிடிக்கிற வழக்கம் இருந்தால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு, விரல்களுக்கு நடுவே சும்மா ஓடவிடுங்கள்.

எந்த லேஸ்? படத்தில் பார்த்தால் பெரிய பெரிய வளைவும் அன்னாசிப்பழ டிசைனும் மனசை இழுக்கும். உங்கள் மாமியாரின் கழுத்தை நினைத்துப் பாருங்கள். தாலிக்கொடி, காதில் ஜிமிக்கி அல்லது தோடு. ஐந்து செயின் (சங்கிலிக் கண்ணி) வளைவு என்றால் ஜிமிக்கி அதில் மாட்டி இழுக்கும், கழற்றும்போது காது வலிக்கும். ஒரே இடத்தில் இரண்டு டபுள், நடுவில் ஒரே ஒரு செயின் இடைவெளி உள்ள வி தையல் போதும். ஓட்டை சிறியது, பார்வைக்கு லேஸ், ஒரு தடவை கை பழகிவிட்டால் டிவி பார்த்துக்கொண்டே போடலாம்.

பெயரில் குழப்பம் வராமல் இருக்க ஒன்று: இங்கே நான் சிங்கிள், டபுள் என்று சொல்வது அமெரிக்க முறை. சிங்கிள் என்றால் ஊசியில் நூலைச் சுற்றாமல் நுழைத்து இழுத்து, இரண்டு கண்ணியையும் ஒரே முறையில் கழற்றுவது. டபுள் என்றால் ஊசியில் ஒரு சுற்று சுற்றி, நுழைத்து இழுத்து, இரண்டிரண்டாக இரு முறை கழற்றுவது. பிரிட்டிஷ் முறையில் இதற்கு டிரெபிள் என்று பெயர். உங்கள் அம்மா பழைய புத்தகம் பார்த்துக் கற்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

இனி தொடக்கம். விரிப்புக்கு நடுவில் சின்ன வளையம் போட்டு வெளியே விரித்துக்கொண்டு போயிருப்பீர்கள். கவுலுக்கு எடுத்த எடுப்பிலேயே நீளமான செயின் போட்டு வளையமாக இணைக்க வேண்டும். இணைக்கும்போது அது ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டால் கடைசிவரை சரியாகாது, மொத்தமும் பிரிக்கத்தான் வேண்டும். மெல்லிய செயினில் முறுக்கு கண்ணுக்கும் தெரியாது. அதனால் செயினை இணைக்காமல் முதல் வரிசையைத் தட்டையாகப் போட்டுவிடுங்கள்.

6 மி.மீ. ஊசியில் 100 செயின். நூல் வாலை ஒரு சாண் விட்டு வையுங்கள். பிறகு 5 மி.மீ. ஊசிக்கு மாறி, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள். 99 சிங்கிள் வரும். இப்போது பட்டையை மேஜை மேல் வட்டமாக வைத்தால், சிங்கிளின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பளிச்சென்று தெரியும். பார்த்துவிட்டு முதல் சிங்கிளில் ஸ்லிப் (நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் அப்படியே எடுப்பது) போட்டு இணைத்துவிடுங்கள். அடியில் சின்ன வாய் ஒன்று திறந்து நிற்கும். விட்டு வைத்த வாலால் இரண்டு தையல் போட்டால் மூடிவிடும்.

அடுத்த சுற்றில் லேஸ் தொடங்குகிறது. 4 செயின் போடுங்கள். அதில் முதல் 3 ஒரு டபுளுக்குச் சமம், மிச்சம் ஒன்று நடு இடைவெளி. இணைத்த அதே சிங்கிளில் ஒரு டபுள். இது முதல் வி. இரண்டு சிங்கிளை விட்டு மூன்றாவதில் ஒரு டபுள், ஒரு செயின், அதே இடத்தில் இன்னொரு டபுள். இப்படியே போனால் கடைசியில் இரண்டு சிங்கிள் மிஞ்சும். அதை விட்டுவிட்டு, தொடங்கிய 4 செயினில் மூன்றாவது கண்ணியில் ஸ்லிப். எண்ணிப் பாருங்கள், 33 வி இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எல்லாச் சுற்றும் ஒன்றுதான். ஒரு ஸ்லிப் போட்டு முதல் வியின் நடு ஓட்டைக்குள் நகருங்கள், 4 செயின், அதே ஓட்டையில் ஒரு டபுள். பிறகு ஒவ்வொரு வியின் நடுவிலும் ஒரு வி. இணைப்பு வரும் இடம் லேசாகச் சாய்ந்துகொண்டே போகும். பயப்பட வேண்டாம், அது பிடரிப் பக்கம் போய்விடும்.

லேஸின் இரண்டாவது சுற்று முடிந்ததும் நிறுத்தி அளக்கவும். தட்டையாக மடித்து வைத்தால் அகலம் 32, 33 செ.மீ. இருக்கும். அதாவது முழுச் சுற்று 65 செ.மீ.க்கு ஒட்டி. பெரியவர்களின் தலைச் சுற்றளவு சாதாரணமாக 54 முதல் 58 செ.மீ.க்குள் இருக்கும், கொண்டையோடு மாட்ட இது தாராளம். 30க்குக் கீழே வந்தால் கை இறுக்கம். அப்போதே பிரித்து, 6 மி.மீ. ஊசியிலேயே முழுதும் போடுங்கள். இரண்டு சுற்றைப் பிரிக்க மனசு வரும், பத்துச் சுற்றுக்கு அப்புறம் வராது.

உயரம் 22 செ.மீ. வரும்வரை போடுங்கள், ஏறக்குறைய 17 சுற்று. புது உருண்டையைச் சுற்றின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், நடுவில் முடிச்சு போடாதீர்கள். முடிச்சு கழுத்தில் உறுத்தும், லேஸில் பொட்டு மாதிரித் தெரியும். கடைசியாக ஒரு சுற்று சிங்கிள்: ஒவ்வொரு டபுளின் தலையிலும் ஒன்று, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒன்று. மறுபடி 99 வரும், இரண்டு ஓரமும் ஒரே மாதிரி நிற்கும். ஓரத்தில் முத்து முத்தாகப் பூ வைக்கலாமே என்று தோன்றும். மேல் ஓரம் தாடைக்குக் கீழே உரசும் இடம், அதை வெறுமனே விட்டுவிடுவதே மேல். மிச்ச நூல் வால்களை மழுங்கிய ஊசியில் கோத்து, சிங்கிள் பட்டைக்குள் முன்னும் பின்னும் மூன்று தடவை ஓட்டுங்கள். அக்ரிலிக் வழுக்கும், ஒரு தடவை ஓட்டினால் துவைக்கும்போது வெளியே வந்துவிடும்.

இப்போது கையில் இருப்பது கொஞ்சம் சுருங்கி, ஓட்டைகள் மூடிக்கொண்டு, எதிர்பார்த்த அழகு இல்லாமல் இருக்கும். பலர் இந்த இடத்தில் மனசு உடைந்து போகிறார்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விரிப்பு என்றால் கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருப்பீர்கள். இதற்குக் கஞ்சி கூடாது.

கம்பளி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். கொதிநீரும் வேண்டாம், கம்பளி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு உலர்ந்த துண்டின் மேல் வைத்து, ஓட்டைகள் திறக்கும்படி இரு பக்கமும் இழுத்து, குண்டூசி குத்திக் காயவிடுங்கள். உள்ளே ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தால் பக்கவாட்டில் மடிப்புத் தடம் விழாது. பனி மூட்ட நாளில் காய இரண்டு நாள்கூட ஆகலாம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக் வெறும் தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு ஆவி வேண்டும். குண்டூசி குத்தி விரித்து வைத்து, ஸ்டீம் அயர்ன் பாக்ஸை மூன்று நான்கு செ.மீ. மேலே பிடித்து ஆவியை மட்டும் காட்டுங்கள். கண்ணெதிரே தையல் தளர்ந்து, வி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெட்டி நூலில் பட்டால் நூல் தட்டையாகிப் பளபளக்கும், ஆவி அதிகமானால் இழுவை போய்த் தொளதொளத்துவிடும், இரண்டுக்கும் மாற்று கிடையாது. முதலில் ஒரு கையகலத் துண்டு பின்னி அதில் பழகிக்கொள்ளுங்கள். மிச்ச நூல்தான் இருக்கிறதே.

கொடுக்கும்போது துவைக்கும் விதத்தையும் சொல்லிவிடுங்கள். அக்ரிலிக் என்றால் வலைப் பையில் போட்டு மெஷினில் மென்மையான சுழற்சியில் விடலாம், டிரையர் வேண்டாம். கம்பளி என்றால் கையால் மட்டும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும், கட்டில் மேல் துண்டு விரித்துக் காயவைக்கட்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு அடுத்த பயணம்வரை அது பெட்டியில்தான் இருக்கும். அக்ரிலிக்கைப் பூச்சி அரிக்காது. கம்பளி என்றால் நன்றாகத் துவைத்துக் காயவைத்த பிறகே, இறுக மூடும் கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.