பின்குறிப்பில் வந்த ஷாக்

வணக்கம் ஐயா,

மீன் தொட்டி பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் ஒன்று வைத்தேன். இரண்டடித் தொட்டி. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். ஐந்து வாரம் ஆகிறது. பத்து நியான் டெட்ராக்களும் நாலைந்து நத்தைகளும் இருக்கின்றன. அனுபியஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் என்று மூன்று வகைச் செடி நட்டிருக்கிறேன்.

லைட்டுக்கு நிறையச் செலவழிக்க வசதியில்லை. இருப்பதிலேயே மலிவான ஓர் எல்இடி லைட்டை வாங்கினேன். பெட்டியில் ‘60 வாட், வாட்டர்ப்ரூஃப்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லையோ என்ற பயத்தில் காலை ஏழு மணிக்குப் போட்டு இரவு ஒன்பதுக்குத்தான் அணைக்கிறேன். அப்படியும் கிரிப்டோகோரைன் இலைகள் பழுப்பாகிக் கூழாகக் கரைகின்றன. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. இதைவிடப் பவர் அதிகமான லைட் வாங்க வேண்டுமா? வீட்டில் எரியும் சாதாரண எல்இடி பல்பையே தொட்டி மூடிக்குள் மாட்டிவிடு என்கிறார் நண்பர். மாட்டலாமா?

அன்புடன்,
ஆர்.

பின்குறிப்பு: இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. நேற்று தொட்டிக்குள் கைவிட்டபோது விரலில் சுரீரென்று ஒரு கூச்சம். நகக்கண்ணில் கீறல் இருந்த இடத்தில் மட்டும்தான். மீன்கள் நன்றாகவே நீந்துவதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை நான் கீழிருந்து மேலாகப் படிக்கப்போகிறேன்.

முதலில் எழுந்து போய், ஈரமில்லாத கையால், தொட்டிக்குப் போகும் எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. வயரிங்கில் கம்பிகள் மாறியிருந்தால் ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டித்திருக்கும். கருவிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் அளவுத் தொட்டியில் பத்து டெட்ராக்களுக்கு ஃபில்டர் சில மணி நேரம் ஓடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

மீன்கள் நன்றாக இருப்பது எதற்கும் சாட்சி அல்ல. மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. தொட்டி கண்ணாடியால் ஆனது. கசிந்த மின்சாரம் தண்ணீருக்குள் வந்தாலும் அங்கிருந்து வெளியே போக வழியில்லை. வழியில்லாதவரை ஓட்டமும் இல்லை, மீனுக்கு வலியும் இல்லை. தரையில் நிற்கும் நீங்கள் கையை விட்டதும் வழி கிடைத்துவிடுகிறது. கீறல் இருந்த இடத்தில் மட்டும் சுரீரென்றதற்கும் காரணம் உண்டு: காய்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், தோல் கிழிந்த இடத்தில் அந்தத் தடுப்பு கிடையாது.

ஏறக்குறைய அரை மில்லி ஆம்பியரிலேயே நமக்குக் கூச்சம் தெரிய ஆரம்பிக்கும். பத்து மில்லி ஆம்பியரை ஒட்டிப் போனால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். நேற்று நீங்கள் ரப்பர் செருப்பு போட்டிருந்திருக்கலாம். தண்ணீர் மாற்றும் நாளில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பீர்கள். அன்றைக்கும் அது கூச்சத்தோடு நின்றுவிடும் என்று யாரும் சொல்ல முடியாது.

குற்றவாளி லைட்தானா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் இப்படி ஆகும். ஃபில்டர் மோட்டாரின் ஒயரில் உறை கிழிந்திருக்கலாம். லைட் என்றால் சந்தேகம் அடாப்டர் மேல்தான். சுவரிலிருந்து வரும் மின்சாரமும் 12 வோல்ட்டாக வெளியே போகும் மின்சாரமும் அடாப்டருக்குள் ஒன்றையொன்று தொடக்கூடாது. இடையில் இன்சுலேஷனும் போதிய இடைவெளியும் வேண்டும். மட்டமான அடாப்டரில் செலவைக் குறைக்கக் கைவைப்பது அந்த இடைவெளியில்தான். அது பழுதானால் ‘12 வோல்ட்தானே’ என்று நீங்கள் நம்பித் தொடும் கம்பியில் சுவர் மின்சாரமே நேராக வந்து நிற்கும்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. ஒழுங்காகச் செய்த அடாப்டரிலும் சிறு கசிவு இருக்கும். அதில் மாட்டிய கருவியின் உலோக உடம்பை விரலால் வருடினால் சொரசொரப்பாகத் தெரியும். அது ஆபத்தில்லாதது. ஆனால் ஆபத்தில்லாத கூச்சத்தையும் ஆபத்தான கூச்சத்தையும் பிரித்துச் சொல்லும் திறமை விரலுக்குக் கிடையாது. மல்டிமீட்டரைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாலும் சில சமயம் வெறும் மாயக் கணக்காகப் பெரிய வோல்ட்டேஜைக் காட்டிப் பயமுறுத்தும். ஆகவே இதில் சொந்த ஆராய்ச்சி வேண்டாம். எலெக்ட்ரீஷியனை அழைத்து, ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அவர் வரும்போதே தொட்டியின் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று போடச் சொல்லிவிடுங்கள். வீட்டில் எம்சிபி, அதாவது ஃபியூஸுக்குப் பதிலாக வரும் ஸ்விட்ச், இருக்கிறதே என்பீர்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை, உங்களை அல்ல. ஆம்பியர் கணக்கில் ஓடினால்தான் அது விழும். ஆர்சிசிபி வேறு வேலை செய்கிறது. போன மின்சாரம் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், மீதி யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள், உடனே துண்டித்துவிடும். ஷாக் தெரியத்தான் செய்யும், ஆனால் நீடிக்காது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சரி, இப்போது லைட்.

உங்கள் 60 வாட் லைட் 60 வாட் அல்ல. 12 வோல்ட்டை 1 ஆம்பியரால் பெருக்குங்கள். 12 வாட். அதற்கு மேல் அந்த அடாப்டரால் கொடுக்க முடியாது. லைட் அதையும்விடக் குறைவாக எடுக்கலாம். மலிவு லைட் வாங்கும்போது பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு அடாப்டரைப் படிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். யூஎஸ்பியில் ஓடும் கிளிப் லைட்டுகளில் ‘30 வாட்’ என்று கூசாமல் அச்சடிப்பார்கள். கூட வரும் சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் பத்து வாட்டோடு கதை முடிந்தது. எத்தனை எல்இடி மணிகள் இருக்கின்றன என்பதும் ஒரு கணக்கே அல்ல. இருநூறு மணிகளை மங்கலாகவும் எரிக்கலாம்.

ஆனால் இந்தப் பொய்யால் உங்களுக்கு நஷ்டமில்லை. உங்கள் தொட்டி சுமார் 65 லிட்டர். மெதுவாக வளரும் செடிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லுமென் என்பது வளர்ப்பவர்களிடையே புழங்கும் கைக்கணக்கு. அப்படியானால் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு லுமென் வரை. சுமாரான வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு நூறு லுமென் தரும். ஆக, 12 வாட் உங்களுக்குப் போதும். உண்மையிலேயே 60 வாட் லைட் வந்திருந்தால் தொட்டி இந்நேரம் பாசிக் குட்டையாகியிருக்கும்.

லுமென் என்பதே மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்ற அளவுதான். நம் கண் பச்சைக்கு, அதாவது 555 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம், அதிகமாகக் கூர்மை காட்டும். செடிக்கு 400 முதல் 700 நானோமீட்டர் வரை எல்லாமே பயன்படும். அதனால் லுமெனை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக ஊதா நிறத்தில் எரியும் ‘செடி வளர்ப்பு’ லைட்டை வாங்கிவிடாதீர்கள். செடி வளரும், ஆனால் மீன்களைப் பார்க்கச் சகிக்காது. 6500 கெல்வினை (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு இது) ஒட்டிய வெள்ளை வெளிச்சம் இரண்டுக்கும் சரிப்படும்.

சும்மா ஒரு தகவல். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பரை, அதாவது ஒளிரும் பொடியை, பூசியது. அந்த நீல எல்இடிக்காக 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஹிரோஷி அமனோ. செடி நிறைந்த தொட்டிகளை ஒரு கலையாக உலகமெங்கும் பரப்பியவரும் ஒரு ஜப்பானிய அமனோதான். தகாஷி அமனோ, புகைப்படக் கலைஞர், 2015இல் மறைந்தார். பாசி தின்னும் அமனோ இறாலுக்குப் பெயர் வந்தது இவரால். இருவரும் ஒருவரே என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பாசிக்குக் காரணம் பதினாலு மணி நேரம். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டினீர்கள். செடிகளால் அவ்வளவையும் பயன்படுத்த முடியவில்லை, மிஞ்சியதைப் பாசி எடுத்துக்கொண்டது. அனுபியஸும் ஜாவா ஃபெர்னும் நிழலில் வளர்ந்து பழகியவை. ஆறு மணி நேரமாகக் குறைத்து மூன்று வாரம் பாருங்கள், தேவைப்பட்டால் ஏழாக்கலாம். ஒரு டைமர் போட்டுவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையும் இல்லை. இருட்டு அறையில் திடீரென்று லைட்டைப் போடாதீர்கள். மீன்களுக்கு இமை கிடையாது, மிரண்டு துள்ளும்.

கிரிப்டோகோரைன் கரைவது வேறு விஷயம், அதில் லைட்டுக்குப் பெரிய பங்கில்லை. பண்ணைகளில் இந்தச் செடியைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் வந்ததும் பழைய இலைகளை உதறிவிட்டுப் புதிதாக விடும். கரைந்த இலைகளை நறுக்கி எடுத்துவிடுங்கள். செத்துவிட்டதென்று வேரோடு பிடுங்கினால்தான் உண்மையிலேயே சாகும்.

நண்பர் சொன்ன பல்புக்கு வருகிறேன். வெளிச்சம் என்ற அளவில் அவர் சொல்வதில் தவறே இல்லை. வீட்டு எல்இடி பல்பில் செடி நன்றாக வளரும். மூடிக்குள் மாட்டு என்றாரே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பல மலிவு பல்புகளில் உள்ளே இருக்கும் எல்இடி தகடு சுவர் மின்சாரத்தோடு நேரடியாகவே இணைந்திருக்கும். இடையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் குமிழ் மட்டும். மூடிக்குள் எந்நேரமும் நீராவி. நானே ஒரு காலத்தில் மர மூடி செய்து அதற்குள் ஹோல்டர் வைத்து பல்பு மாட்டியவன்தான். ஆறேழு மாதம் நன்றாகத்தான் எரிந்தது. ஒரு நாள் இரை போட மூடியைத் தூக்கினேன். அடித்த அடியில் முழங்கை சுவரில் மோதி வீங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு.

பல்புதான் வேண்டுமென்றால் தொட்டிக்கு வெளியே, அறுந்தாலும் சாய்ந்தாலும் தண்ணீரில் விழ முடியாத இடத்தில் ஒரு விளக்குத் தண்டில் மாட்டுங்கள். தொட்டியின் மேல் ஒரு கண்ணாடி மூடி இருக்கட்டும். இப்போதுள்ள லைட்டுக்கும் அந்த மூடி நல்லது. தண்ணீர் தெறிக்காது, லைட் வழுக்கினாலும் மூடியின் மேல்தான் விழும்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு மதிப்பும் இல்லை. ஐபி என்று தொடங்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. 4 என்றால் தெறிப்பைத் தாங்கும், 5 என்றால் பீய்ச்சினாலும் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடக்கலாம், 8 என்றால் அதற்கும் மேல். தொட்டிக்கு மேலே வைக்கும் லைட்டுக்கு 5 இருந்தால் எனக்குத் திருப்தி. எண்ணையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். ஐபி 68 என்று அச்சடித்த மலிவு லைட் ஒன்றின் ஓர மூடியை ஒருமுறை கழற்றிப் பார்த்தேன், உள்ளே ரப்பர் வளையமே இல்லை. உள்பக்கம் நீர்த்துளி பனித்திருந்தால் அந்த லைட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. தண்ணீருக்குள் மூழ்க வைக்கும் மலிவுப் பட்டை லைட்டுகளை உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். உறை விட்டுப்போனால் செம்பு அரித்துத் தண்ணீரில் கலக்கும், முதலில் சாவது உங்கள் நத்தைகளாகத்தான் இருக்கும். அப்புறம், லைட்டுக்கு எந்த எண் இருந்தாலும் அடாப்டருக்குப் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அது தொட்டிக்கு நேர் கீழே கிடக்கக்கூடாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான். தரையில் போடாமல் பக்கத்துச் சுவரில் ஏற்றி மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் சாக்கெட்டுக்குள் போகும் முன் ஒருமுறை அதற்குக் கீழே தொங்கி, பிறகு மேலேற வேண்டும். ஒயர் வழியே வடியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலிருந்து கீழே சொட்டிவிடும், சாக்கெட் வரை ஏறிப் போகாது. இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் நான் பார்த்த தொட்டிகளில் பாதிக்கு இது கிடையாது. கைவிடும் முன் பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆக, புது லைட் வேண்டாம். அந்தக் காசை ஆர்சிசிபிக்கும் டைமருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சோதித்ததில் இதன் அடாப்டர்தான் கசிகிறது என்று தெரிந்தால் அடாப்டரை மட்டும் மாற்றலாம். அதே 12 வோல்ட், ஒன்றரை அல்லது இரண்டு ஆம்பியர், பிளஸ் மைனஸ் முனையும் ஒத்துப்போக வேண்டும், நம்பகமானதாக வாங்குங்கள். ஆம்பியர் கூட இருப்பதால் கெடுதல் இல்லை, லைட் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். வோல்ட் மட்டும் மாறக்கூடாது.

எலெக்ட்ரீஷியன் வந்துபோனதும் எந்தக் கருவி என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கென்னவோ ஹீட்டர் மேல்தான் சந்தேகம். ஹீட்டர் இருக்கிறதா என்றே நீங்கள் எழுதவில்லை.