கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்களில் நாற்பது தாண்டியவர்களுக்கு மாற்றுத் தொழில் கற்றுத்தர நிதி கேட்பது எப்படி?

கேள்வியில் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் கையில் சிறிய அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் சுமார் இருபது பேர், 40 முதல் 55 வயதுக்குள். தேயிலைக் கொழுந்து பறிக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை, வேறு வேலை தெரியாது.

விண்ணப்பம் எழுத உட்காரும் முன் ஆள்கணக்கு எடுங்கள். 'இலங்கையிலிருந்து வந்தவர்கள்' என்று ஒரே வரியில் எழுதினால் பாதி இடத்தில் அடிபடும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்காகத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, பிறகு டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. 1983 கலவரத்துக்கும் அதன் பின் போருக்கும் தப்பி, ஒப்பந்தத்துக்கு வெளியே படகேறி வந்தவர்கள் சட்டப்படி இன்னும் வெளிநாட்டினர். ஆதார் இருக்கலாம், அது குடியுரிமைச் சான்று ஆகாது. ஒரே லயன் வீட்டு வரிசையில் அண்ணன் ஒரு வகை, தம்பி மனைவி இன்னொரு வகை என்று இருப்பார்கள். எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போடுங்கள்: வந்திறங்கியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இருக்கிறதா, சாதிச் சான்று இருக்கிறதா, பிறந்த தேதிக்கு என்ன ஆதாரம், வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா. சாதிச் சான்றுதான் அதிகம் இழுக்கும். பூர்வீக ஊர் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் என்று வாய்மொழியில் தெரியும், காகிதத்தில் இருக்காது. நிதி வருவதற்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்த தடை வயது. தீன்தயாள் உபாத்யாய கிராமியத் திறன் திட்டம் 35 வயதோடு நிற்கும், பெண்களுக்கு 45 வரை. உங்கள் ஆட்களில் பெரும்பாலோர் இங்கேயே கழன்றுவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, மாநிலத்தின் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிரம்பியவர்களுக்குத்தான்: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) வயது உச்சவரம்பு கிடையாது. சேவைத் தொழிலில் 5 லட்சத்துக்குள் என்றால் படிப்பும் கேட்பதில்லை. மலைப்பகுதிக் கிராமத்தில் 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். பட்டியல் சாதியினராக இருந்தால் அவர்களுக்குக் கடன், மானியம் தரும் அரசுக் கழகமான தாட்கோவையும் பாருங்கள். எந்தத் திட்டம் இந்த ஆண்டு நடப்பில் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் இவையெல்லாம் கடை போடுவதற்கான பணம். கற்றுக்கொள்ளும் மூன்று மாதத்துக்கு யார் சோறு போடுவது? அதற்குத்தான் நன்கொடை வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தொழில்: கொழுந்து வெட்டும் மெஷின், கவாத்து (கிளை வெட்டும்) மெஷின், களைவெட்டி இவற்றைப் பழுதுபார்ப்பது. பறிக்க ஆள் கிடைக்காததால் சிறு விவசாயிகள் மெஷினுக்கு மாறிவருகிறார்கள், பழுதானால் மேட்டுப்பாளையம் வரை தூக்கிப்போகிறவர்களும் உண்டு. தையலுக்கு ஏற்கெனவே ஊருக்குப் பத்துப் பேர் மெஷினோடு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அதைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

20 பேர், 72 நாள். இழக்கும் கூலிக்கு ஈடாக நாளுக்கு 400 ரூபாய் என்றால் 5,76,000. பஸ், மதியச் சாப்பாடு 100 வீதம் 1,44,000. பயிற்சியாளருக்கு 1,200, உதவியாளருக்கு 700 என்று 1,36,800. பிரித்துப் பூட்டப் பழைய மெஷின்கள் 1,20,000. ஆயில், பிளக், பிளேடு 40,000. பிள்ளை, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், 72,000. முடித்ததும் ஆளுக்கு ஒரு டூல் பெட்டி, 6,000 வீதம் 1,20,000. அதன் பின் ஆறு மாதம் வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஒருவர், 90,000. மொத்தம் 12,98,800. பயிற்சியாளர், மெஷின், ஆயில் மூன்றும் சேர்ந்து 2,96,800, கால்பங்குகூட இல்லை. நிதி தருபவர் பட்ஜெட்டைப் பார்த்ததும் முதலில் வெட்டச் சொல்வது அந்த 400 ரூபாயைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள். அது இல்லையென்றால் இரண்டாவது வாரத்தில் பாதிப் பேர் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஆட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஈட்டுத் தொகையைக் குறைக்காதீர்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.) இதற்குப் பொருந்தும். 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின் ஏழாம் அட்டவணையில் தொழில்திறன் பயிற்சியும் வாழ்வாதாரமும் இருக்கின்றன. இந்தியாவுக்குள் நடக்கும் வேலை என்பதால் குடியுரிமை இல்லாதவர்களையும் சேர்க்க வழியுண்டு. அறக்கட்டளைக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவோடு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்கும் சி.எஸ்.ஆர்.-1 எண் கட்டாயம். வெளிநாட்டுப் பணம் பெறும் பெரிய தொண்டு நிறுவனம் 'நாங்கள் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தருகிறோம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றக்கூடாது. அவர்களே நேரடியாகச் செலவு செய்யட்டும், நீங்கள் ஆட்களைத் திரட்டிக் கொடுங்கள்.

காலம் பார்க்க வேண்டும். ஏப்ரல்–ஜூனிலும் செப்டம்பர்–நவம்பரிலும் கொழுந்து வரத்து அதிகம், யாரும் வகுப்புக்கு வரமாட்டார்கள். உறைபனி அடித்துக் கொழுந்து குறையும் ஜனவரி–மார்ச்தான் தோது. ஆனால் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பணம் ஜனவரியில் வந்தால் கணக்கை முடிக்க ஓட்டமாக ஓடி, மெஷினை மட்டும் வாங்கிப் பூட்டிவைப்பதில் முடியும். ஜூன், ஜூலையிலேயே விண்ணப்பம் கொடுத்து, டிசம்பருக்குள் முதல் தவணை வருமாறும், பின்தொடரும் ஆறு மாதச் செலவை அடுத்த ஆண்டில் காட்டலாம் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பாடத்தைப் பற்றி ஒன்று. எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்குக் குறிப்பேடு வேண்டாம், கெட்டுப்போன மெஷினைக் கையில் கொடுங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் 25:1 என்று போட்டிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில், 50:1 என்றால் 20 மில்லி. ஆயில் ஊற்ற மறந்த இன்ஜினின் பிஸ்டனைக் கழற்றி, அதன் கோடுகளை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது. பாதி மெஷின்கள் பெரிய பழுதில் வருவதில்லை. பெட்ரோலோடு மாதக்கணக்கில் சும்மா வைத்து கார்புரேட்டர் அடைத்திருக்கும், ஏர் ஃபில்டரில் இலைத்தூசி அப்பியிருக்கும். முதல் மாதம் இவை இரண்டையும் மட்டும் கற்றாலே கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம்.

இன்ஜின் திடீரென்று வெடித்துக் கிளம்பும் சத்தத்தில், கலவரத்தையும் போரையும் பார்த்த சிலர் விறைத்துப்போவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். சோம்பேறி என்று பெயரை அடித்துவிடாதீர்கள். ஸ்டார்ட் செய்யும் முன் 'போடுறேன்' என்று குரல் கொடுப்பது, காதடைப்பான் தருவது, அவரை வாசல் பக்கம் உட்காரவைப்பது, இவ்வளவே பலருக்குப் போதும். தூக்கமே இல்லை என்பவரை அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அந்த நாளுக்கும் 400 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். அந்த நாளையும் வருகைப் பதிவில் சேர்க்கலாம் என்று நிதி தருபவரிடம் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வாங்கிவையுங்கள், இல்லையென்றால் தணிக்கையில் அதைக் கேள்வியாக்குவார்கள்.